பரீட்சை முடியட்டும்

மே 6, செவ்வாய்

இன்று கணக்கு தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலி வரிசையில் சுவரோரம் இருப்பது எனக்கு வாய்த்தது. தலைக்கு மேலே மின்விசிறி. சாய்ந்துகொள்ளச் சுவர். அம்மாவை உள்ளே படுக்கவைத்து, ஊசி குத்தி மெஷினோடு இணைத்துவிட்டால் நான்கு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று முறை. மற்ற நாளெல்லாம் ஆபீஸும் அடுப்பும் தின்றுவிடுகின்றன. படிப்பென்றால் இங்கேதான்.

ஜி.ஆர்.இ. தேர்வில் ஆங்கிலம் எனக்குப் பயமில்லை. கணக்கைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகிவிட்டேன். சமூகவியல் எம்.ஏ. முடித்த நாளிலிருந்து பீடி சுற்றும் பெண்களின் வீடு வீடாகப் போய் அவர்களுடைய இருமலையும் முதுகுவலியையும் விசாரித்து எழுதுகிற தொண்டு நிறுவன வேலை. பொதுச் சுகாதாரம் படிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்கின்றன.

முப்பத்திரண்டு வயதில் பகா எண்கள். ஒன்று பகா எண் இல்லை, இரண்டு பகா எண். இரண்டு பக்கம் படிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

மே 10, சனி

அம்மாவுக்கு உள்ளே படுத்திருக்கப் பொழுது போகவில்லை. ஜெசிந்தா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"என்னத்த படிக்க? சத்தமாப் படி, நானும் கேக்கேன்" என்றாள் அம்மா.

படித்தேன். ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்புகிறது. இன்னொரு குழாய் ஒன்பது மணி நேரத்தில் காலி செய்கிறது. இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்?

"காலி பண்ணுத குழாய என்னத்துக்குத் திறக்கான்? அத மூடித் தொலைய வேண்டியதான."

"கணக்கும்மா."

"கிறுக்குப்பய கணக்கு."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. கையை அசைக்கக் கூடாது என்பதால் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்ப்பேச்சை இணைத்துக் கொடுத்தவள். இப்போது அவளையே ஒரு மெஷினில் மாட்டி வைத்திருக்கிறார்கள். இதையும் அவளே சொல்லிச் சிரித்தாள்.

மே 19, திங்கள்

டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு இருதயம் நன்றாக இருக்கிறதாம். இந்த வயதில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் மெஷினை விட நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்றார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். அப்பா இல்லை. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்குச் சர்க்கரை.

"உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே ரத்தப் பிரிவுதானே?"

"பி பாசிட்டிவ்."

"அப்ப முதல்கட்ட டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாமே."

"எனக்கு ஒரு பரீட்சை இருக்கு டாக்டர். அது முடியட்டும்."

அவர் சரி என்றார். வற்புறுத்தவில்லை. நல்ல மனிதர்.

மாலையில் சதவீதம் அத்தியாயத்தை முடித்தேன். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். குளித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7, சனி

அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாதிரித் தேர்வில் முன்னேறியிருக்கிறேன். முதல் தடவை 146. நேற்று 155. நூற்றெழுபதுக்குப் பார்த்தால் பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் எனக்குப் பெரிது. முக்கோணங்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பிவிடுவதில்லை. நிகழ்தகவு மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

அம்மாவுக்குத் தாகம். வெயில் ஆளைக் கொல்கிறது, அவளோ ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவள். காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன். மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது. அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுவிட்டால் குழந்தைபோலக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறாள்.

இன்று ஜெசிந்தா கேட்டார். "டெஸ்டுக்கு எப்பம் வாறிய? டாக்டர் கேட்டாங்க."

"ஜூலை பதினொண்ணு பரீட்சை. அதுக்கப்புறம் முதல் வேலை அதுதான்."

ஜெசிந்தா சின்னப் பெண். இருபத்தைந்து இருக்கலாம். முகத்தில் எதையும் காட்டாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 10, வியாழன்

எழுதக் கை வரவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு மத்தியான ரயில், நாளைக் காலையில் பரீட்சை என்று பையெல்லாம் கட்டி வைத்திருந்தேன். விடிந்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்குகிறது. படுத்தால் அடைக்கிறது என்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நுரையீரலில் நீர். நேரே அவசரப் பிரிவு, அங்கிருந்து மெஷின்.

ராத்திரி எழுந்து சமையலறைக் குடத்திலிருந்து தண்ணீர் குடித்திருக்கிறாள். எத்தனை டம்ளர் என்று டாக்டர் கேட்டதற்கு, "எண்ணிக்கிட்டா குடிப்பாங்க?" என்று கேட்டாள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து.

கட்டிய பணம் போயிற்று. பரீட்சைக்குப் புதிதாகப் பதிந்துவிட்டேன். ஆகஸ்ட் 22. ஆஸ்பத்திரிக் கேண்டீனில் டீ குடித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் டீ ருசியாக இருந்தது.

ஜூலை 26, சனி

அம்மா தேறிவிட்டாள். வழக்கம்போல ஏச்சும் பேச்சும். நான் வைத்த புளியில்லாக் குழம்பைச் "சுடுதண்ணி" என்கிறாள்.

மாதிரித் தேர்வு: 158.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாதிரித் தேர்வு: 150.

தெரிந்த கணக்கையே தப்பாகப் போடுகிறேன். நேற்று ஒரு கணக்கை விடை வரைக்கும் சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் குறித்திருக்கிறேன். ஒன்றல்ல, நான்கைந்து இடத்தில் அப்படி. தூக்கக் குறைவாக இருக்கலாம். இந்த மதிப்பெண்ணோடு போனால் வீண்தான். ஆபீஸில் கணக்கெடுப்பு அறிக்கையையும் மாதக் கடைசிக்குள் கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்துத் தேதியை மறுபடி தள்ளிப் போட்டேன். செப்டம்பர் 26.

அம்மாவிடம் சொன்னபோது, "அதுக்கு மேல தள்ள விடுவானா?" என்று கேட்டாள். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதுபோலத்தான் கேட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜெசிந்தா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, புதன்

அண்ணன் வந்திருக்கிறான். ஒரு மாதம் லீவு. நான் பரீட்சைக்குப் போகும்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்கிறான். பேரீச்சம்பழமும் பாதாமும் கொண்டுவந்திருக்கிறான். அம்மா அந்த இரண்டையுமே தொடக் கூடாது. அவன் முகம் வாடிவிட்டது. டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. அவனும் ஊசி போட்டுக்கொள்கிறான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். வருவான் என்று தெரியும்.

"ஏ சொர்ணம், ஒரு டெஸ்ட்தானட்டி. ரத்தம் குடுத்துட்டு வரப்போற. எனக்கு ஆகாதுன்னுட்டாங்க, இல்லைன்னா நான் ஒங்கிட்ட வந்து நிப்பேனா?"

"பரீட்ச முடியட்டும்ணே."

"அத மே மாசத்துல இருந்து சொல்லுத. டெஸ்டுக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? அரைநாள் வேல. பொருந்தலைன்னா விட்டுருவோம். யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"பொருந்துச்சுன்னா?"

அவன் என்னையே பார்த்தான். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்கே சுரீர் என்றது.

அவன் பேச வாயெடுப்பதற்குள் உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"ஏல, அவள விடு. பரீட்ச முடியட்டும்."

அண்ணன் வெளியே போய்விட்டான். இத்தனை நாள் நான் சொல்லி வந்த அதே வார்த்தை. அவள் வாயிலிருந்து கேட்டபோது என்னவோபோல் இருந்தது. மீதி வெங்காயத்தை உரித்து, வதக்கி, குழம்பை இறக்கி வைத்தேன். அண்ணன் திரும்பி வந்ததும் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரிக்கு அண்ணன் போனான். நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதினேன். 160. கட்டம் எதுவும் மாறவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி. திருவனந்தபுரம்

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையை வாங்கிக்கொண்டார்கள், சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்கள், வாட்சைக் கழற்றச் சொன்னார்கள். என்னைச் சுற்றி எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். எனக்குப் பக்கத்துத் தடுப்பில் இருந்த பையன் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கணக்கு இரண்டு பகுதி. முதலாவது சுலபம். இரண்டாவதில் ஒரு கணக்கு பிடிபடவில்லை, விட்டுவிட்டு நகர்ந்தேன். மற்றபடி தெரிந்ததைச் செய்தேன். பயமே இல்லை. எதையும் தள்ளிப்போட வழியில்லாமல் போனதும் கை தானாக ஓடியது.

முடிந்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்தது. கணக்கு 163.

அம்மாவைக் கூப்பிட்டேன். "நூத்தி அறுவத்தி மூணா? எவ்வளவுக்கு?" என்றாள். சொன்னேன். "அந்த ஏழ எங்கட்டி விட்ட?" என்று கேட்டாள். "சரி, பாத்து வா. ராத்திரிக்கு இட்லி வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

ரயில் ஒரு மணி நேரம் தாமதம். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். சந்தோஷம்தான். ஆனால் வண்டி இன்னும் தாமதமானால் நல்லது என்று தோன்றுகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

அண்ணன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

இன்று அம்மாவை மெஷினில் மாட்டியதும் நான் என் நாற்காலிக்குப் போனேன். கையில் புத்தகம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் காலண்டர், தண்ணீர் கேன், கை கழுவும் முறை எழுதிய தாள். அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஜெசிந்தாவிடம், "ரத்தம் எங்க குடுக்கணும்?" என்று கேட்டேன்.

அவரே கூட்டிக்கொண்டு போனார். ஐந்தாறு குழாயில் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வேறொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஆட்டோவில் வரும்போதே பார்த்துவிட்டாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

பொருந்துகிறது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். என் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவாம். இன்னும் சில சோதனைகள், அனுமதிக் குழு, அப்புறம் தேதி வைக்கலாம். எனக்கு மூன்று மாத ஓய்வு. அதற்குப் பிறகு படிக்கப் போகலாம், எல்லாரையும்போல வாழலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

"நான் தாரேன்" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்.

"எனக்கு வேண்டாம் டாக்டர்."

"அவசரமில்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்க."

"மே மாசத்துல இருந்து யோசிக்கேன். எல்லாரும் அவகிட்டதான கேட்டிய. எங்கிட்ட யாரும் கேக்கலையே. எனக்கு வேண்டாம்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். டாக்டரும் சொன்னார். அவள் அசையவில்லை. இறந்தவர்களிடமிருந்து பெறுகிறவர்களுக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிய மட்டும் சம்மதித்தாள். "வரும்போது வரட்டும். அது யாருக்கும் வலிக்காது."

ஆட்டோவில் திரும்பும்போது, "ஏம்மா இப்படிப் பண்ணுத?" என்று கேட்டேன்.

"ஒன் கிட்னிய வாங்கி வச்சிட்டேன்னு வையி. அப்புறம் ஒன்ன ஒரு வார்த்த ஏச முடியுமா எனக்கு? ஆயுசு முழுக்க வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கதுக்கு அந்த மெஷினே தேவல."

எங்களை வழக்கமாக ஏற்றிப்போகும் மைதீன் பாய் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அப்புறம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தாரேன்னு சொன்னேல்லா. போதும்."

"நெசமாத்தான்மா சொன்னேன்."

"தெரியும்."

அவள் திரும்பவே இல்லை.

அக்டோபர் 29, புதன்

நேற்று நன்றாகத் தூங்கினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

நவம்பர் 27, வியாழன்

விண்ணப்பங்கள் அனுப்பியாயிற்று. அம்மாவுக்கு ரத்தம் குறைந்திருக்கிறது, ஊசி எழுதியிருக்கிறார்கள். நாள் முழுக்க மழை. ஈரத் துணி வீடெங்கும் தொங்குகிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையோடு. ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது.

செய்தி வந்தபோது டயாலிசிஸ் பிரிவில்தான் இருந்தேன். உள்ளே போய் அம்மாவின் காதருகே சொன்னேன். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, "என் மக வெளிநாடு போறா" என்றாள். பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொன்னாள். டாக்டர் சுற்றிவந்தபோது அவரிடமும் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாரும் போன பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம் எங்கூட இங்க யாரு வருவா?"

பத்து மாதத்தில் அவள் பயந்து நான் கண்டதில்லை. மூச்சுத் திணறி ஆக்சிஜனில் கிடந்தபோதுகூட இல்லை. போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை.

"ஆகஸ்ட் வரைக்கும் நான் வருவேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கண்ணோரத்தில் வழிந்ததை நான் துடைத்துவிட்டேன், ஊசி குத்தியிருக்கிற கையை அவள் தூக்கக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

அம்மா மைதீன் பாயிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன என்றதற்கு, "ஒனக்கு எதுக்கு?" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் நான் புறப்பட்டு வாசலுக்கு வந்தபோது அம்மா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பை, போர்வை, மாத்திரை டப்பா எல்லாம் மடியில்.

"நீ வரவேண்டாம். நான் தனியாப் போய்ப் பாக்கேன்."

"ஆகஸ்டுக்கு இன்னும் நாள் கெடக்கும்மா."

"இப்பமே பழகுனாத்தான் உண்டு. பாய் உள்ள வரைக்கும் கொண்டுவிடுவாரு, முடிஞ்சதும் வந்து கூட்டிட்டு வருவாரு. அங்க ஜெசிந்தா இருக்கா. நீ போய்ப் படு. மூஞ்சப் பாரு, பேயறைஞ்ச மாதிரி."

ஆட்டோ திரும்பித் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நின்றேன். அவள் கையாட்டவில்லை, கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "வந்துட்டேன். மாட்டியாச்சு. வையி."

சோறு வடித்தேன். ரசம் வைத்தேன். அவளுக்கென்று வேகவைத்து நீரை இறுத்த காய். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையில் வீட்டுக்குள் இவ்வளவு வெயில் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மாவின் கட்டிலில் சும்மா சாய்ந்தேன்.

கதவு இடிபடுகிற சத்தத்தில் விழித்தேன். மைதீன் பாய் பையோடு நின்றார். அவருக்கு முன்னால் அம்மா, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"எம்புட்டு நேரமாட்டி தட்டுதது? தெருவே எட்டிப் பாக்குது."

"தூங்கிட்டேன்மா."

"நல்லாத் தூங்குன போ." உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் நடை தடுமாறவில்லை. "சாப்ட்டியா?"

"இல்ல."

என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு கையாலேயே இரண்டு தட்டு எடுத்து வைத்தாள், சோற்றை அள்ளினாள், கரண்டியைத் தேடினாள். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உடம்பு எழவில்லை.

ரசத்தைக் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. கரித்துணியைக் கீழே போட்டு, காலாலேயே தள்ளித் துடைத்துவிட்டு, முதல் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.